ஆரஞ்சுத் தோப்பில் இறங்கிய துருவக் குளிர்



மழையைப் பற்றிப் பேசாமல் நமக்குப் பொழுது போவதில்லை. காற்றைப் பற்றியும் பேசுவோம், வெயிலைப் பற்றியும் பேசுவோம். குளிரைப் பற்றி மட்டும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மார்கழி, தை மாதத்திலே விடியற்காலையில் ஒரு போர்வை கூடுதலாக வேண்டியிருக்கும், வரப்பிலே நடந்தால் கால் சில்லென்றிருக்கும், அத்தோடு சரி. ஆனால் இரண்டு முறை வந்துபோன குளிர், ஒரு மாநிலத்து விவசாயிகளையே நடுத்தெருவில் நிறுத்திய கதை ஒன்று உண்டு. அந்தக் குளிர் அந்த மண்ணிலே பிறந்த குளிரும் அல்ல. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், வடதுருவத்தை ஒட்டிய பனிக்காட்டிலே பிறந்து, சில நாளில் இறங்கி வந்த குளிர். அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்கு மூலையில் ஃபுளோரிடா என்று ஒரு மாநிலம். தேசப்படத்தில் பார்த்தால் கடலுக்குள் நீட்டிய கட்டைவிரல் போல இருக்கும். மூன்று பக்கமும் கடல், மணற்பாங்கான பூமி. அதன் நடுவிலே ஆர்லாண்டோ என்ற ஊர். பூமத்திய ரேகையிலிருந்து ஆர்லாண்டோ எவ்வளவு வடக்கோ, ஏறக்குறைய அவ்வளவு வடக்கில்தான் நம்ம டில்லியும் இருக்கிறது. இரண்டும் இருபத்தெட்டரை டிகிரி.

இப்போது நீங்களே சொல்லுங்கள். கடல் பக்கத்தில் இருந்தால் குளிர் குறைவாகத்தானே இருக்கும்? டில்லிக்குக் கடல் கிடையாது. ஆகவே டில்லியில்தான் குளிர் கடுமையாக இருக்க வேண்டும். ஆனால் நடந்தது வேறு. டில்லியில் சஃப்தர்ஜங் நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பம், 1935 ஜனவரியில் மைனஸ் 0.6 டிகிரி சென்டிகிரேட். தண்ணீர் உறைகிற அளவுக்குச் சற்றே கீழே, அவ்வளவுதான். ஆர்லாண்டோவிலோ 1894 டிசம்பரில் மைனஸ் 8 டிகிரி வரை இறங்கிவிட்டது. ஒரே அட்சரேகையிலே உள்ள இரண்டு ஊருக்குள் ஏன் இந்த வித்தியாசம்? இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கதை புரிந்த மாதிரி.

குளிருக்கும் ஒரு பட்டி உண்டு

வடதுருவத்தில் புரட்டாசி முதல் வாரத்தில் மறைகிற சூரியன், பங்குனி முதல் வாரத்தில்தான் மறுபடி தலைகாட்டும். ஆறு மாதம் சூரியன் கிடையாது. தரையிலே இருக்கிற வெப்பமெல்லாம் இரவு பகல் பாராமல் வானத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். திரும்பி வருவதற்கு வெயில் இல்லை. செலவு உண்டு, வரவு இல்லை. அப்படிப்பட்ட குடும்பத்தின் கதி என்ன ஆகுமோ, அதுதான் அங்கே காற்றின் கதி.

இதிலே ஒரு விசேஷம் பாருங்கள். மிகக் கடுமையான குளிர் வடதுருவத்தின் நடுவில் இருப்பதில்லை. அங்கே பனிக்கட்டிக்குக் கீழே கடல் இருக்கிறது. கடல் கொஞ்சம் வெப்பத்தை மேலே கசியவிடும். அதைச் சுற்றியிருக்கிற சைபீரியா, அலாஸ்கா, வடகனடா ஆகிய நிலப்பகுதிகளில்தான் குளிர் உச்சத்துக்குப் போகும். சைபீரியாவில் வெர்கோயான்ஸ்க் என்ற ஊரில் 1892-ல் மைனஸ் 67.8 டிகிரி பதிவாயிற்று. கனடாவின் யூக்கான் பகுதியில் ஸ்நாக் என்ற இடத்தில் 1947 பிப்ரவரி 3-ந் தேதி மைனஸ் 63 டிகிரி.

குளிர்ந்த காற்று கனமானது. தரையோடு தரையாக, மந்தை படுத்துக்கிடப்பது போலக் கிடக்கும். அந்த மந்தைக்கு ஒரு வேலியும் உண்டு. தரையிலிருந்து ஒன்பது, பத்து கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக உலகத்தைச் சுற்றி ஒரு பெருங்காற்று ஓடுகிறது. குளிர் காலத்தில் மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேலும் அதன் வேகம் போகும். அதற்கு வடக்கே குளிர், தெற்கே வெதுவெதுப்பு. அந்தக் காற்று நேராக ஓடுகிற வரைக்கும் குளிர் பட்டிக்குள்ளேயே அடைந்துகிடக்கும். அது வளைந்து நெளிந்து ஓட ஆரம்பித்தால், வேலி சாய்ந்த மாதிரிதான். சாய்ந்த இடத்தின் வழியாகக் குளிர் தெற்கே இறங்கும். வேறொரு இடத்தில் தெற்கத்திச் சூடு வடக்கே ஏறும்.

ஆகவே ஒன்றை மனதில் வையுங்கள். தெற்கே வந்து பயிரை அழிக்கிற குளிர் புதிதாக உண்டான குளிர் அல்ல, இடம் மாறிய குளிர். பட்டியிலே மாடு குறைந்திருக்கிறது என்றால், எங்கோ ஒருவன் பயிரை அது மேய்கிறது என்றுதான் அர்த்தம். துருவத்தில் வழக்கத்துக்கு மீறிச் சூடு தெரிகிறபோது, தெற்கே சில இடங்களில் வழக்கத்துக்கு மீறிக் குளிர் அடிப்பதற்குக் காரணம் இதுதான்.

நமக்கு மதில், அவர்களுக்குத் திறந்த வெளி

இப்போது டில்லிக்கும் ஆர்லாண்டோவுக்கும் உள்ள வித்தியாசம் சுலபமாக விளங்கும். நம் நாட்டுக்கு வடக்கே இமயமலை, கிழக்கு மேற்காக மதில் மாதிரி நிற்கிறது. அதற்குப் பின்னால் திபெத்தின் மேட்டு நிலம். தரையோடு ஊர்ந்து வருகிற சைபீரியக் குளிர் அந்த மதிலைத் தாண்ட முடியாது. வட அமெரிக்காவில் மலை இல்லையா என்றால், உண்டு. ஆனால் ராக்கி மலை வடக்குத் தெற்காகப் படுத்திருக்கிறது. அதற்குக் கிழக்கே வடகனடாவிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரைக்கும் ஒரே சமவெளி. குளிர் கிளம்பினால் தடுக்கிறதற்கு ஒரு கரடு கிடையாது.

நம்ம ஊட்டியிலே உறைபனி விழுகிறதே, அது துருவக் குளிரா என்று நீங்கள் கேட்கலாம். அல்ல. மேகம் இல்லாத, காற்று அடங்கிய இரவில் அந்த மலைத் தரையே தன் வெப்பத்தை வானத்துக்குப் பறிகொடுத்துக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் அங்கே மேட்டிலே இருக்கிற செடி தப்பும், பள்ளத்துச் செடி கருகும். துருவக் குளிர் அப்படி அல்ல. அது காற்றோடு வரும். மேடு பள்ளம் பார்க்காது.

பட்டுப்போன மரமும் பிழைத்த ஒட்டும்

ஃபுளோரிடாவுக்கு ஆரஞ்சைக் கொண்டுவந்தவர்கள் ஸ்பெயின் நாட்டுக்காரர்கள். 1565-ல் அவர்கள் அமைத்த செயின்ட் அகஸ்டின் நகரத்தைச் சுற்றி ஆரஞ்சு மரங்கள் வளர்ந்தன. காட்டிலும் பரவி, புளிப்பு ஆரஞ்சு என்ற ஒரு வகை தானாகவே மண்டிப்போயிற்று. இது நம்ம நாரத்தைக்கு உறவு. பழம் வாயில் வைக்க முடியாது. வேர் மட்டும் உரமானது.

1835 பிப்ரவரி 8-ந் தேதி துருவக் குளிர் இறங்கியது. ஜாக்சன்வில் நகரத்தில் மைனஸ் 13 டிகிரி. செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் கரையோரத் தண்ணீர் கட்டியாக உறைந்தது. செயின்ட் அகஸ்டினில் பாட்டன் காலத்து மரமெல்லாம் தரைமட்டத்துக்குப் பட்டுப்போயின.

ஆனால் ஒரு தோப்பு பிழைத்தது. டக்ளஸ் டம்மெட் என்பவர், 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மெரிட் தீவு என்ற இடத்தில் காட்டுப் புளிப்பு ஆரஞ்சு மரங்களை வெட்டி, அதன்மேல் இனிப்பு ஆரஞ்சை ஒட்டுக் கட்டியிருந்தார். இடம் தெற்கே, இரண்டு பக்கமும் உப்பங்கழித் தண்ணீர். தண்ணீர் மெதுவாகத்தான் குளிரும். பக்கத்திலே இருக்கிற மரத்துக்கு அது கணப்பு மாதிரி. அந்தத் தோப்பிலிருந்து வாங்கிப் போன ஒட்டுக் குச்சியை வைத்துத்தான் மற்றவர்கள் தங்கள் தோப்பை மறுபடி எழுப்பினார்கள். வேர் உரமானதாக இருந்தால், மேலே போனாலும் கீழே உயிர் நிற்கும் என்பதை ஃபுளோரிடா விவசாயி அப்போதே கற்றுக்கொண்டான். ஆனால் மனிதனுக்கு மறதி அதிகம்.

ஏமாற்றிய ஜனவரி

1880-களில் ஃபுளோரிடாவுக்கு ரயில் பாதை வந்தது. நியூயார்க் சந்தைக்கு ஆரஞ்சு போக வழி பிறந்தது. வடக்கேயிருந்து வந்தவர்கள் போட்டி போட்டு நிலம் வாங்கினார்கள். கடன் வாங்கி மரம் வைத்தார்கள். 1893-94 பருவத்தில் ஏறக்குறைய 50 லட்சம் பெட்டிப் பழம் ஏற்றுமதியாயிற்று. 1886-லும் ஒரு கடுங்குளிர் வந்து எச்சரித்துவிட்டுத்தான் போனது. "அது எப்போதோ ஒரு தடவை வருவது" என்று சொல்லி, மேலும் மரம் வைத்தார்கள்.

1894 டிசம்பர் கடைசி வாரம். அந்த ஆண்டுப் பழத்தில் பெரும் பங்கு மரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. 28, 29 தேதிகளில் வடமேற்குக் காற்று திரும்பியது. விடிந்து பார்த்தால் பழமெல்லாம் கல்லாகிப் போயிருந்தது. வெயில் ஏறியதும் இளகி, அழுகி, உதிர்ந்தது. இலையும் கருகிற்று. ஆனால் மரம் சாகவில்லை. "போனது இந்த ஆண்டு வெள்ளாமைதானே, மரம் இருக்கிறது" என்று மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் மோசம் நடந்தது. ஜனவரி மாதம் முழுக்க இதமான வெயில். நடுவிலே மழையும் பெய்தது. இலை உதிர்ந்த மரம் என்ன செய்யும்? பிழைத்தோம் என்று நினைத்துத் துளிர்த்தது. வேரிலிருந்து சாறு மேலே ஏறிற்று. கிளை நுனியெல்லாம் பச்சைத் துளிர். தோப்புக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

பிப்ரவரி 7-ந் தேதி இரவு, குளிர் இரண்டாம் தடவை இறங்கியது. மரத்திலே ஓடிய சாறு அப்படியே உறைந்தது. தண்ணீர் உறைந்தால் பருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளேயிருந்து பருத்த பனி, பட்டையைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. இரவெல்லாம் மரங்கள் துப்பாக்கி வெடிப்பது போலப் படபடவென்று பிளந்த சத்தம் கேட்டது என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். டிசம்பர்க் குளிரிலே உறங்கிக்கொண்டிருந்த மரம் தப்பியது. பிப்ரவரிக் குளிரிலே விழித்துக்கொண்ட மரம் செத்தது. இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மரத்தைக் கொன்றது குளிரின் அளவு மட்டும் அல்ல. குளிருக்கு முன்னால் வந்த வெதுவெதுப்பும் சேர்ந்துதான் கொன்றது.

அடுத்த பருவத்தில் சந்தைக்கு வந்த பழம் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பெட்டி. ஐம்பது எங்கே, ஒன்றரை எங்கே! கடன் கொடுத்த வங்கிகள் பல கதவை மூடின. சமைத்த பாத்திரத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டு ரயிலேறிப் போனவர்கள் உண்டு என்று கதை சொல்வார்கள். ஃபுளோரிடா பழைய விளைச்சலுக்குத் திரும்ப ஏறக்குறைய பதினைந்து ஆண்டு பிடித்தது.

தெற்கே தெற்கே

போனவர்கள் போக, இருந்தவர்கள் யோசித்தார்கள். குளிர் வந்து நின்ற இடத்துக்கும் தெற்கே போனால் என்ன? மாநிலத்தின் தென்கோடியில் மியாமி ஆற்றின் முகத்துவாரத்திலே அப்போது சில வீடுகள்தான். அங்கே நிலம் வைத்திருந்த ஜூலியா டட்டில் என்ற விதவைப் பெண்மணி, ரயில்பாதை முதலாளி ஹென்றி ஃப்ளாக்லருக்குத் தன் ஊரிலே குளிர் தாக்கவில்லை என்று காட்ட ஆரஞ்சுப் பூங்கொத்து அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு. பூவைப் பற்றி ஆராய்ச்சிக்காரர்களுக்குள் சந்தேகம் உண்டு. அந்த அம்மாள் நிலத்தில் பங்கு தருவதாகப் பேசி ரயிலைக் கொண்டுவந்தது நிச்சயம். 1896 ஏப்ரலில் ரயில் வந்தது, ஜூலையில் மியாமி நகரம் ஆயிற்று. இன்றைய பெரிய நகரத்தின் பிறப்பிலே துருவக் குளிருக்கும் ஒரு கை உண்டு!

வேறு சிலர் ரகத்தைத் தேடினார்கள். சீனாவிலிருந்து வந்து டிலாண்ட் என்ற ஊரிலே தோப்பு வைத்திருந்த லூ கிம் காங் என்பவர், குளிர் தாங்குவதாகப் பெயர் பெற்ற ஒரு ஆரஞ்சைத் தேர்ந்தெடுத்தார். அமெரிக்கப் பழவியல் சங்கம் 1911-ல் அவருக்கு வைல்டர் பதக்கம் கொடுத்தது.

மற்றவர்கள் காக்கும் முறைகளைக் கற்றார்கள். நாம் கரும்புக்கும் வாழைக்கும் மண் அணைக்கிறோம் அல்லவா, அதுபோல இளமரத்துக்கு ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே வரை மண் அணைத்தார்கள். கிளை செத்தாலும் ஒட்டுப் பாகம் மண்ணுக்குள் பிழைத்திருக்கும். அதிலிருந்து நல்ல இனமே மறுபடி துளிர்க்கும். தோப்புக்குள்ளே விறகும் எண்ணெயும் எரித்தார்கள். புகைதான் காக்கிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். காத்தது புகை அல்ல, நெருப்பின் சூடு. அதுவும் காற்று அடங்கிய இரவில்தான் பலிக்கும். துருவக் காற்று அடிக்கும்போது மூட்டிய சூடெல்லாம் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

1935-ல் லேக்லாண்ட் என்ற ஊரில் அரசாங்கத்தார் உறைபனி எச்சரிக்கை நிலையம் ஒன்றை வைத்தார்கள். குளிர் காலத்து மாலையில் "இன்று இரவு இன்ன இடத்தில் இத்தனை டிகிரி வரை இறங்கும்" என்று வானொலியில் சொல்வார்கள். தோப்புக்காரர் குடும்பமே ரேடியோப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். 1996 வரை அந்த வேலை நடந்தது. பிறகு ஃபுளோரிடா பல்கலைக்கழகம் தானே இயங்கும் வானிலைக் கருவிகளைத் தோப்புப் பக்கங்களில் நட்டு அந்தப் பணியை எடுத்துக்கொண்டது.

தண்ணீர் தெளிப்பதும் ஒரு வழி. தண்ணீர் உறையும்போது தன்னிடம் உள்ள வெப்பத்தை வெளியே விடும். தொடர்ந்து தெளித்துக்கொண்டே இருந்தால், மரத்தின்மேல் பனிக்கட்டி படிந்தாலும் உள்ளே பூஜ்யம் டிகிரிக்கு வெகுவாகக் கீழே போகாது. ஆனால் 1962 டிசம்பர் 12, 13 தேதிகளில் பலத்த காற்றோடு குளிர் வந்தபோது, மேலிருந்து தெளித்தவர்களுக்குத் தெளிக்காதவர்களைவிட நஷ்டம் அதிகமாயிற்று. நனைந்த இலையில் காற்றுப் பட்டால் இன்னும் குளிரும் அல்லவா? பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான். பனிக்கட்டியின் பாரத்தில் கிளையும் முறிந்தது. அதற்குப் பிறகு, 1980-களில், அடிமரத்துக்குப் பக்கத்தில் தாழ்வாக வைக்கிற சின்னத் தெளிப்பான்கள் வந்தன. மேலே போனாலும் அடிமரம் பிழைத்தது.

1962 குளிருக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஃபுளோரிடாவில் பழம் இல்லாமல் போகவே, பிரேசில் நாட்டுக்காரர்கள் ஆரஞ்சுச் சாறு ஆலைகளைத் தொடங்கினார்கள். பிற்பாடு உலகத்திலேயே அதிகம் சாறு ஏற்றுமதி செய்கிற நாடு பிரேசில் ஆகிவிட்டது. ஒருவன் தோப்பிலே விழுந்த குளிர், இன்னொருவன் கொல்லையிலே மழையாகப் பெய்தது.

பலூன் சொன்ன சேதி

இத்தனை காலமும் குளிர் வந்த பிறகுதான் தெரிந்தது. முன்கூட்டித் தெரிய வழி உண்டா என்று விஞ்ஞானிகள் தேடினார்கள். விடை தரையிலே இல்லை, வெகு உயரத்திலே இருந்தது.

1952-ம் ஆண்டு ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில், ரிச்சர்ட் ஷெர்ஹாக் என்ற வானிலை அறிஞர் கருவி கட்டிய பலூன்களை அனுப்பி மேல்வானத்தின் வெப்பத்தை அளந்துகொண்டிருந்தார். குளிர்காலத்தின் நடுவில், ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் உயரத்தில், சில நாளுக்குள் வெப்பம் மளமளவென்று ஏறியது கண்டு திகைத்துப்போனார். கருவி கெட்டுவிட்டதோ என்று நினைக்கிற அளவுக்கு மாறுதல். கருவி கெடவில்லை.

நடந்தது இதுதான். நாம் முன்னே பார்த்த வேலிக் காற்றுக்கும் மேலே, துருவத்தைச் சுற்றிப் பம்பரம் போல ஒரு பெரிய சுழல் குளிர்காலம் முழுக்கச் சுற்றுகிறது. அது வேகமாகச் சுற்றும்போது குளிர் கட்டுக்குள் இருக்கும். மலைகளும் கடலும் கரையும் உண்டாக்குகிற பெரிய காற்றலைகள் கீழேயிருந்து ஏறி அந்தப் பம்பரத்தை இடிக்கும். சில குளிர்காலங்களில் இடி பலமாகி, பம்பரம் தள்ளாடும், நீண்டுவிடும், சில சமயம் இரண்டாகவே பிளந்துவிடும். அப்போது மேல்காற்று கீழே அமுங்கும். சைக்கிள் பம்பை அழுத்தினால் அடிப்பாகம் சுடுகிறதே, அதுபோல அமுங்கிய காற்று சூடாகும். ஒரு வாரத்தில் முப்பது, நாற்பது டிகிரி கூட ஏறுவது உண்டு. இதைக் கணக்குப் போட்டு விளக்கியவர் ஜப்பான் நாட்டு தாரோ மட்சுனோ, ஆண்டு 1971.

மேலே நடந்த இந்தக் கலவரம் தரையில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதன் பாதிப்பு இரண்டு மாதம் வரைக்கும் நீடிக்கும். அதாவது, துருவத்துக்கு மேலே சூடு ஏறினால், சில வாரம் கழித்துத் தெற்கே குளிர் இறங்கும் வாய்ப்பு அதிகம். முன்னெச்சரிக்கைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆண்டுகளைப் பாருங்கள். 1977 ஜனவரி 9-ஐ ஒட்டி மேலே சுழல் உடைந்தது. அம்மாதம் 19-ந் தேதி, பனியே அறியாத மியாமி வட்டாரத்தில் பனிப்பூ விழுந்தது. காய்கறித் தோட்டம் கருகி, கூலியாட்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1985 ஜனவரி முதல் தேதியை ஒட்டிச் சுழல் உடைந்தது. 20, 21 தேதிகளில் குளிர் இறங்கியது. ஜனாதிபதி ரீகன் பதவி ஏற்கும் விழாவைக்கூட வெளியில் நடத்த முடியாமல் மண்டபத்துக்குள் மாற்றினார்கள். 2021 ஜனவரி 5-ந் தேதி சுழல் உடைந்தது. பிப்ரவரி நடுவில் டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் நகரம் மைனஸ் 19 டிகிரிக்குப் போயிற்று. மின்சாரம் நின்று 45 லட்சம் வீடுகளுக்கு மேல் இருண்டன. அரசாங்கக் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். ரியோ கிராண்டே ஆற்றோரத்து ஆரஞ்சு, பப்ளிமாஸ் தோப்புகள் கருகின.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். 1983, 1989 ஆண்டுகளின் டிசம்பர்க் குளிர், மேலே சுழல் உடையாமலே வந்தது. வேலிக் காற்று மட்டும் வளைந்ததே போதுமானதாயிற்று. சுழல் உடைந்த சில ஆண்டுகளில் குளிர் அமெரிக்காவை விட்டுவிட்டு ஐரோப்பாவுக்குப் போனதும் உண்டு. ஆகவே மேல்வானச் சேதி ஒரு சகுனம். அதுவே தீர்ப்பு அல்ல.

கோபுரத்திலிருந்து பார்த்தால்

ஆர்லாண்டோவுக்கு மேற்கே கிளெர்மான்ட் என்ற ஊரில் 1956-ல் ஒரு கோபுரம் கட்டினார்கள். பெயரே ஆரஞ்சு இனத்தின் பெயர்: சிட்ரஸ் கோபுரம். மேலே ஏறினால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைத் தோப்பு. வேடிக்கை பார்க்கக் காசு கொடுத்து ஏறினார்கள். 1983, 1985, 1989 என்று மூன்று குளிர் அடுத்தடுத்து வந்தது. மறுபடி மறுபடி நட்டுப் பார்த்த தோப்புக்காரர்கள், மூன்றாவது அடியில் நிலத்தை வீடு கட்டுபவர்களுக்கு விற்றார்கள். 1970-ல் மாநிலம் முழுவதும் ஏறக்குறைய 9 லட்சத்து 40 ஆயிரம் ஏக்கராக இருந்த தோப்பு, 1986-ல் 6 லட்சத்து 20 ஆயிரம் ஏக்கரை ஒட்டிக் குறைந்தது. கோபுரம் இன்றும் நிற்கிறது. மேலே ஏறினால் கூரைகள் தெரிகின்றன.

தெற்கே நகர்ந்தவர்கள் மறுபடி தழைத்தார்கள். 1997-98-ல் 24 கோடிப் பெட்டிக்கு மேல் ஆரஞ்சு எடுத்தார்கள். ஆனால் 2005-ல் கிரீனிங் என்ற நோய் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு சின்னப் பூச்சி பரப்புகிற நோய். கூடவே புயலும் அடித்தது. 2023-24-ல் விளைச்சல் 2 கோடிப் பெட்டிக்கும் கீழே போய்விட்டது. குளிருக்கு ஓடி ஒளிந்தவனை வெப்பத்தில் வளர்கிற பூச்சி பிடித்துக்கொண்டது.

துருவம் சூடாகிறதே, இனி குளிர் இல்லையா?

இந்தக் கேள்வி நியாயமானது. 1979-லிருந்து பார்த்தால், உலகத்தின் சராசரியைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு வேகத்தில் வடதுருவப் பகுதி சூடாகிவருகிறது. கடல்மேல் பனிக்கட்டியின் பரப்பும் சுருங்கிவிட்டது. பட்டியிலே மாட்டின் எண்ணிக்கை குறைந்துவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் மொத்தத்தில் கடுங்குளிர் நாட்கள் பல நாடுகளில் குறைந்திருக்கின்றன. அதே சமயம், துருவத்துக்கும் தெற்குக்கும் வெப்ப வித்தியாசம் குறைந்தால் வேலிக் காற்று தளர்ந்து அதிகம் வளையும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அதற்குப் போதிய சான்று இல்லை என்று இன்னொரு சாரார் மறுக்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

வழக்கு எப்படி முடிந்தாலும் விவசாயிக்கு ஒன்று நிச்சயம். 2025 ஜனவரி 21-ந் தேதி ஃபுளோரிடாவின் பென்சகோலா நகரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பனி விழுந்தது. அந்த ஊர் கண்டிராத பனி. உலகம் சூடாகிவருகிற காலத்திலேதான் இதுவும் நடந்தது. மந்தை சிறுத்தாலும், நாற்றங்காலை அழிக்க அவிழ்ந்த மாடு ஒன்று போதாதா? சராசரிக் கணக்கு ஆண்டு முழுவதற்கும் உரியது. பயிர் சாவது ஒரே இரவிலே.

சரி, மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு இந்தக் கதையால் என்ன பயன்? மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, "எப்போதோ ஒரு தடவை வருவது" என்பது வராது என்பதற்குச் சமானம் அல்ல. 1835-ஐ மறந்தவர்கள்தான் 1895-ல் அழிந்தார்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிற வெள்ளத்தையும் வறட்சியையும் எழுதிவையுங்கள்.

இரண்டாவது, பருவம் தப்பி வருகிற நல்ல நாளை நம்பி மோசம் போகாதீர்கள். ஃபுளோரிடா மரத்தைக் கொன்றது, பாதி, அந்த இதமான ஜனவரிதான்.

மூன்றாவது, மேலே போனாலும் அடி நிற்கும்படி பயிர் செய்யுங்கள். உரமான வேர்ச்செடி, அணைத்த மண், நம்பகமான விதை இருப்பு, ஒரே பயிரை நம்பாத குடும்பம், இவையெல்லாம் அந்த அடியைச் சேர்ந்தவை. டம்மெட்டின் தோப்பு அப்படித்தான் பிழைத்தது. மற்றவர்களையும் பிழைக்க வைத்தது.

அடுத்த தை மாதத்து விடியலில் வரப்பிலே நடக்கும்போது கால் சில்லென்றிருந்தால், வடக்கே மதிலாக நிற்கிற அந்த மலையை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.